‘கேம் ஹேங் ஆகுது’ என்றால் உடனே பர்ஸைத் திறக்காதீர்கள்!



பிள்ளைகள் கம்ப்யூட்டரில் விளையாடலாமா, கூடாதா என்று ஊரெல்லாம் பேசிக் கொண்டிருக்கிறார்கள். நான் அந்த வாதத்துக்கு வரவில்லை. விளையாடிக் கொண்டிருக்கும்போது கேம் பாதியில் உறைந்து நின்றுவிட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். “நல்லதாப் போச்சு, எந்திரிச்சுப் போய்ப் படி!” என்று ஒரு அதட்டல். இல்லாவிட்டால் அப்பா மெஷினைத் தூக்கிக் கொண்டு கடைக்குப் போவார். கடைக்காரர் சொன்ன பாகத்தை மாற்றி, கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வருவார். இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து. கேம் நிற்பது ஒரு ரிப்பேர். எந்த ரிப்பேருக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் தெரிகிற வரைக்கும் பர்ஸைத் திறக்கக் கூடாது. அந்தக் காரணத்தைத் தேடுகிற வேலையை, வீட்டை நடத்துகிற நம்மாலேயே செய்ய முடியும்.

“கேம்தானே, போனால் போகட்டும்” என்று நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டருக்கு மிகவும் கடினமான வேலைகளில் ஒன்று கேம். கடிதம் டைப் அடிக்கும்போதும் படம் பார்க்கும்போதும் மெஷின் சும்மா நடந்து போகிறது. கேம் போட்டால்தான் மூச்சிரைக்க ஓடுகிறது. ஓடும்போது மயங்கி விழுகிறவரைப் பார்த்து ‘ஓட்டம்தான் நோய்’ என்று சொல்வோமா? உள்ளே இருக்கிற கோளாறை ஓட்டம் வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான். இன்றைக்குக் கேமில் நிற்கிற மெஷின், நாளைக்குக் கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாளில் நின்றால் என்ன செய்வோம்?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவள் விளையாடுவது ஊர் கட்டுகிற கேம். ரோடு போட வேண்டும், குடிதண்ணீர், சாக்கடை, கரண்ட் எல்லாம் கொடுக்க வேண்டும். பஸ் விடாவிட்டால் ஜனங்கள் ஊரைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவார்கள். வரியைக் கூட்டினால் திட்டுவார்கள். நம் நகராட்சிக்காரர்கள் ஒரு மாதம் விளையாடினால் நல்லது என்று நானே சொல்லியிருக்கிறேன்! போன ஏப்ரல் மாதம் அந்தக் கேம் அடிக்கடி உறைய ஆரம்பித்தது. படம் அப்படியே நிற்கும், மவுஸ் நகராது, ஸ்பீக்கரில் ஒரே சத்தம் ‘ர்ர்ர்’ என்று இழுக்கும். ஸ்விட்ச்சை அணைத்தால்தான் உண்டு. ஒரு தடவை சேமிக்கும் நேரத்தில் அப்படி நின்றுபோய், மூன்று வாரம் கட்டிய ஊர் திறக்கவே மாட்டேன் என்று விட்டது. பிள்ளை சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

என் கணவர் கடைக்கு எடுத்துப் போனார், நானும் கூடப் போனேன். கடைக்காரர் பத்து நிமிஷம் போட்டுப் பார்த்தார். அவர் கடையில் ஏ.சி.; மெஷின் சமர்த்தாக ஓடியது! ஆனாலும், “கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சுண்ணே, புதுசு இருபத்திரண்டாயிரம் ஆகும்” என்றார். “எப்படித் தம்பி கண்டுபிடிச்சீங்க?” என்று நான் கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. “அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம்க்கா. பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு கேமு? அதை எடுத்துட்டா மெஷின் தானா சரியாயிடும்” என்று என் கணவரிடம் சிரித்தார்.

இருபத்திரண்டாயிரம் என்பது எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. தீபாவளிக்கென்று கட்டி வந்த சீட்டுப் பணத்தில் பாதிக்கு மேல் போய்விடும். “யோசிச்சுச் சொல்றோம்” என்று மெஷினைத் திருப்பி வாங்கிக் கொண்டு வந்துவிட்டோம்.

மிக்ஸி நின்றுபோனால் நாம் என்ன செய்கிறோம்? உடனே புது மிக்ஸியா வாங்குகிறோம்? ஜாரை எடுத்துவிட்டு ஓடவிட்டுப் பார்க்கிறோம். வேறு பிளக்கில் போட்டுப் பார்க்கிறோம். அடியில் இருக்கும் சிவப்புப் பட்டனை அழுத்திப் பார்க்கிறோம். திருவிழா சீரியல் செட் எரியாவிட்டால் பாதி பாதியாகச் சோதித்து எந்த பல்பு என்று பிடித்துவிடுகிறோம். கம்ப்யூட்டருக்கும் அதே முறைதான். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதை எழுதி வைக்க வேண்டும். நாலு விஷயத்தை ஒன்றாக மாற்றினால், சரியானால்கூட எதனால் சரியானது என்று தெரியாது.

மகளிடம் பால் கணக்கு நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். “கண்ணு, ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் தேதி, மணி, ஆரம்பிச்சு எத்தனை நிமிஷம் ஆச்சு, அப்போ வீட்டில என்னென்ன ஓடுச்சுன்னு எழுது” என்றேன். என் மாமியார், “படிக்கிற பிள்ளைக்கு நல்ல வேலை குடுத்தே போ” என்று முகவாய்க்கட்டையில் கை வைத்தார். ஆறு நாள் எழுதினாள்.

அந்த நோட்டைப் பார்த்ததும் எங்களுக்கே விஷயம் விளங்க ஆரம்பித்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு விளையாடினால் இருபது நிமிஷத்தில் நிற்கிறது. ராத்திரி ஒன்பதுக்கு மேல் என்றால் முப்பத்தைந்து, நாற்பது நிமிஷம். விடிகாலை ஆறு மணிக்கு ஒன்றரை மணி நேரம் நிற்கவே இல்லை! தண்ணீர் மோட்டார் ஓடுகிற நேரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆகவே வோல்டேஜ் மேல் சந்தேகம் குறைந்தது. கார்டு செத்துப் போயிருந்தால் அதற்கு விடிகாலை, மத்தியானம் என்று தெரியுமா? எங்கள் திருச்சி வெயில்தான் தெரிகிறதே!

சூடுதான் காரணமா என்பதைச் சோதிக்கப் பைசா செலவில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதியில் ஜி.பி.யு. என்று இருப்பதைத் தொட்டால், தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள மெஷினில் அதன் சூடு எத்தனை டிகிரி என்று காட்டும். எங்களுடையது கேம் ஆரம்பிக்கும்போது 52, நிற்பதற்குச் சற்று முன்னால் 90. மறுநாள் அதே மத்தியானம், சி.பி.யு. பெட்டியைக் கம்ப்யூட்டர் டேபிளின் அறையிலிருந்து வெளியே எடுத்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தோம். வேறு எதையும் தொடவில்லை. இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடியது. சூடு 75-ஐத் தாண்டவில்லை. மகள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்.

காரணம் இரண்டு. ஒன்று தூசி. ஃபேன் இறக்கைகளிலும் அதன் கீழே இருக்கும் தகடுகளிலும் கம்பளி மாதிரிப் படிந்திருந்தது. இன்னொன்று டேபிள். இப்போது விற்கிற கம்ப்யூட்டர் டேபிளில் சி.பி.யு. வைக்க ஒரு அறை கொடுக்கிறார்கள் அல்லவா? மூன்று பக்கமும் பலகை, பின்னால் ஒயர் போக ஒரு ஓட்டை. மெஷின் வெளியே தள்ளுகிற சூட்டுக் காற்றையே திரும்ப உள்ளே இழுத்துக் கொள்கிறது. நாளெல்லாம் அதே காற்று! வேறு ஒரு கடைத் தம்பி வீட்டுக்கே வந்து தூசி ஊதி, ப்ராசசருக்குப் புது பேஸ்ட் தடவி, அறுநூறு ரூபாய் வாங்கிக் கொண்டார். டேபிளின் பின் பலகையை ஆசாரி அறுத்து எடுத்தார். இருபத்திரண்டாயிரம் எங்கே, அறுநூறு எங்கே!

எல்லார் வீட்டிலும் சூடுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அதனால்தான் முதலில் எப்படி நிற்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்துவிட்டால், பெரும்பாலும் கேமின் ஃபைல், டிரைவர், இடப் பற்றாக்குறை போன்ற சாஃப்ட்வேர் விவகாரமாக இருக்கும். மொத்த மெஷினும் பட்டென்று அணைந்து தானாக மறுபடி கிளம்பினால், கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். அல்லது அதிகச் சூட்டைச் சந்தேகப்படுங்கள். நீலத்திரை வந்தால் (2025-ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு விண்டோஸ் 11-ல் அது கறுப்புத்திரை) அதில் உள்ள எழுத்துகளைச் செல்போனில் படம் பிடித்து வையுங்கள். டிரைவர், மெமரி, டிஸ்க் என்று பல காரணத்துக்கு அது வரும்.

விண்டோஸே ஒரு நோட்டு எழுதிக் கொண்டிருக்கிறது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. தேடும் கட்டத்தில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்று வரும். தேதி வாரியாகச் சிவப்புப் பெருக்கல் குறி போட்டு, அன்றைக்கு எது நின்றது என்று காட்டும். எந்தத் தேதியிலிருந்து தொல்லை ஆரம்பித்தது, அதற்கு முன்தினம் புதிதாக எதைப் போட்டோம் என்று பார்த்தாலே பாதிக் காரணம் கிடைத்துவிடும்.

அடுத்து, காசில்லாத வைத்தியங்கள். சி டிரைவ் சிவப்புக் கோட்டில் நின்றால் இடத்தைக் காலி செய்யுங்கள். ஸ்டீம் மாதிரிக் கடையில் வாங்கிய கேம் என்றால், ஃபைல்கள் முழுசாக இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் வசதி அதிலேயே உண்டு. கெட்டதை மட்டும் திரும்ப இறக்கிக் கொள்ளும். ஓசியில் கிடைத்தது என்று எங்கிருந்தோ இறக்கிய கேமுக்கு அந்த வசதி கிடையாது, கூடவே வைரஸும் வரும். கேமுக்கு வெளியாட்கள் செய்து தரும் ‘மாட்’ என்ற ஒட்டுவேலைகளைப் போட்டிருந்தால், பாதியை எடுத்துவிட்டுப் பாருங்கள், பிறகு மறுபாதியை. நான் சொன்ன சீரியல் செட் கதைதான்.

கிராபிக்ஸ் கார்டின் டிரைவரை (இது வண்டி ஓட்டுகிறவர் இல்லை, கார்டை விண்டோஸோடு பேச வைக்கிற புரோகிராம்) அந்தக் கார்டைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். புது டிரைவர் போட்ட பிறகுதான் தொல்லை என்றால் பழையதற்கே திரும்பலாம். மெமரி மேல் சந்தேகம் என்றால் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று ஒன்று இருக்கிறது. மெஷினை அணைத்து, ஆன் செய்து, அதுவே சோதித்துச் சொல்லும்.

முக்கியமாக ஒன்று. ‘உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு, இந்த எண்ணுக்கு உடனே பேசுங்கள்’ என்று திரையில் வந்தால் பேசாதீர்கள். தெரியாத ஆளுக்கு உங்கள் திரையைத் திறந்து விடாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

தூசி துடைக்கிறேன் என்று ஈரத்துணியைக் கொண்டு போகாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக் கொண்டு, புளோயரால் ஊதினால் போதும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

‘திரையிலேயே என்ன கோளாறு என்று வருகிறதே, அதை நம்பலாமே’ என்று சிலர் கேட்பார்கள். அதையும் முழுசாக நம்ப முடியாது என்பதற்கு ஊரறிந்த உதாரணம் இருக்கிறது. 2022-லும் 2023-லும் வந்த இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்களில், சக்தி வாய்ந்த சில மாடல்களை வாங்கியவர்களுக்குக் கேம்கள் நின்று நின்று போயின. ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று திரையில் வந்தது. அதைப் படித்தால் யாருக்கும் கிராபிக்ஸ் கார்டு மேல்தானே சந்தேகம் வரும்? ஆனால் கார்டு பாவம், ஒன்றும் செய்யவில்லை. ப்ராசசர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கிக் கொண்டிருந்தது என்று 2024 ஜூலையில் இன்டெல்லே சொன்னது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது. வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தார்கள். ஏற்கெனவே கெட்டுப்போன ப்ராசசரை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. வாரன்டியில் மாற்றித்தான் வாங்க வேண்டும். திரையில் வந்ததை மட்டும் நம்பிப் புதுக் கார்டு வாங்கியிருந்தால், பணமும் போய், நோயும் போயிருக்காது!

சில சமயம் தப்பு கேமிலேயே இருக்கும். சைபர்பங்க் 2077 என்ற பெரிய கேம் 2020 டிசம்பர் 10-ம் தேதி வந்தது. பிளேஸ்டேஷன் 4-ல் அடிக்கடி நின்றுபோய், அதே மாதத்திலேயே சோனி நிறுவனம் அதைத் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2021 ஜூனில்தான் அது திரும்பக் கடைக்கு வந்தது. கோடி கோடியாகப் போட்டு எடுத்த கேமுக்கே இந்தக் கதி! ஆகவே கேம் வாங்கிய முதல் நாளே நின்றால் வீட்டு மெஷினைக் குறை சொல்ல வேண்டாம். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், விளையாடிய நேரம் இரண்டு மணிக்குக் குறைவாக இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இது பல பெற்றோருக்குத் தெரியாது.

இவ்வளவு பார்த்தும் காரணம் பிடிபடாவிட்டால் கடைக்குப் போகத்தான் வேண்டும். கடைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். எங்களுக்கு அறுநூறு ரூபாயில் முடித்துக் கொடுத்தவரும் கடைக்காரர்தானே! ஆனால் நோட்டோடு போங்கள். “இந்தப் பாகம்தான் என்று எப்படிச் சொல்றீங்க? வேற ஒண்ணைத் தற்காலிகமா மாட்டி, நிக்காம ஓடுதான்னு காட்டுங்க. பழைய பாகத்தை என் கையில குடுங்க, புதுசுக்கு பில்லும் வாரன்டியும் வேணும்” என்று நாலு கேள்வி கேளுங்கள். உண்மையான மெக்கானிக் கோபப்பட மாட்டார். கேட்டதும் முகம் மாறுகிற கடையைவிட்டு வெளியே வந்துவிடலாம்.

‘அதெல்லாம் டெக்னிக்கல், உங்களுக்குப் புரியாது’ என்கிற வார்த்தையைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. குக்கர் விசில் வராவிட்டால் காஸ்கெட்டா, வெயிட்டா என்று கண்டுபிடிக்கிறோம். ஃபிரிட்ஜ் குளிராவிட்டால் காயிலில் தூசியா, கதவு ரப்பரா என்று பார்க்கிறோம். காரணம் தேடுகிற புத்தி நமக்குப் புதிதில்லை. கம்ப்யூட்டரின் பெயர்கள்தான் புதிது. பெயரைப் பிள்ளை சொல்லிக் கொடுப்பாள், தேடுகிற முறையை நாம் சொல்லிக் கொடுப்போம்.

இதில் எனக்குப் பணம் மிச்சமானதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று உண்டு. ‘எது நடந்தாலும் காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும்’ என்பதை என் மகள் பாடப்புத்தகத்தில் படிக்காமல் தன் கையால் செய்து தெரிந்துகொண்டாள். ஊரை மறுபடி கட்டுகிறாள். இப்போது வாரம் ஒரு தடவை சேமித்த ஃபைலைப் பென் டிரைவில் தனியாக எடுத்து வைக்கிறாள், யாரும் சொல்லாமலே. “இவ்வளவு சூட்டிகையான பிள்ளையா!” என்று மாமியார் எதிர்வீட்டில் சொல்லிக் கொண்டிருந்தது என் காதிலும் விழுந்தது.

ஆகவே மரச்சாமான் கடைக்காரர்களே, கம்ப்யூட்டர் டேபிளுக்குப் பின்னால் பலகை அடிக்காதீர்கள். கணவன்மார்களே, மெஷினைக் கடைக்குத் தூக்கும் முன் ஒரு வாரம் பொறுங்கள். அம்மாக்களே, அந்த வாரத்தில் பிள்ளையிடம் ஒரு நோட்டையும் பேனாவையும் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். திட்டுவதற்கும் செலவழிப்பதற்கும் அப்புறம் நிறைய நேரம் இருக்கிறது!

— ஒரு வாசகி, திருச்சி.